மவுத் கால் பிடிபடவே மாட்டேன் என்கிறது – வான்கோழி சீசனுக்கு ஆறு வாரம்தான்

ரோலா_தம்பி | மார்ச் 7, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். புதியவர்களுக்கு: மவுத் கால் (mouth call) என்பது வாய்க்குள் வைத்து வான்கோழிப் பெட்டை மாதிரிச் சத்தம் எழுப்புகிற சின்னக் கருவி, லாட வடிவச் சட்டத்தில் ரப்பர் சவ்வு கட்டியது. மிசௌரியில் ரோலா பக்கம் இருக்கிறேன். போன வசந்தத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நாள் என்னை வான்கோழி வேட்டைக்குக் கூட்டிப் போனார். விடிவதற்கு முன்னால் ஓக் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டோம். அவர் வாய்க்குள் எதையோ ஒதுக்கிக்கொண்டு, பெட்டை கூப்பிடுகிற மாதிரி மெதுவாக நாலு சத்தம் கொடுத்தார். கையில் எதுவும் இல்லை, தலை அசையவில்லை. எதிர் மேட்டிலிருந்து ஒரு சேவல் பதிலுக்குக் கோபிள் (சேவலின் கூவல்) அடித்தது பாருங்கள், என் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே அது அதிர்ந்தது. அன்றைக்குச் சுட வாய்க்கவில்லை. ஆனாலும் இதைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து விடவில்லை.

பெரியவர் இப்போது மகளோடு இருக்க அரிசோனா போய்விட்டார். பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. கடையில் மூன்று கால் கொண்ட ஒரு பாக்கெட் வாங்கினேன்: ஒன்று ஒற்றை ரீட் (ரப்பர் சவ்வு), ஒன்று இரட்டை, ஒன்று மூன்று ரீட் வைத்து வி வடிவில் வெட்டியது. பத்து நாளாக முயற்சி செய்கிறேன். வாயில் வைத்ததும் குமட்டுகிறது. குமட்டல் அடங்கினால் காற்று மட்டும் புஸ்ஸென்று போகிறது. பலமாக ஊதினால் பலூனை இழுத்துப் பிடித்தால் வருமே, அந்தக் கிறீச்சிடல்தான். அண்ணத்தில் கூச்சம் வேறு தாங்க முடியவில்லை. யாராவது அடியிலிருந்து சொல்லித் தாருங்கள்.

---

பென்சில்வேனியா_மாமா | மார்ச் 7, இரவு 11.15

தம்பி, இருபது வருஷமாக இதை வாயில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறவன் நான். நீ சொல்கிற தொல்லையெல்லாம் எனக்கும் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குமட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். காலைச் சுற்றி இருக்கிற டேப் எல்லோருக்கும் பொதுவாக ஒரே அளவில் வருகிறது. எல்லோருக்கும் அண்ணம் ஒரே அகலமா இருக்கிறது? சின்னக் கத்தரிக்கோலால் பக்கவாட்டு டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு. ஒரு தடவைக்கு அரை நூலுக்கு மேல் போகாதே. வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டு. உள்ளே இருக்கிற உலோகச் சட்டத்தைத் தொட்டுவிடாதே. அப்புறம் கட்டைவிரலால் சட்டத்தின் இரண்டு பக்கங்களையும் லேசாகக் கீழே வளை. வண்டி வில் மாதிரி மெல்லிய வளைவு போதும், மடித்துவிடக் கூடாது. உன் அண்ணம் மேலே குவிந்திருக்கிறது, கடையிலிருந்து வருவது தட்டை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

லாட வடிவத்தின் திறந்த பக்கம், அதாவது ரப்பரின் நேரான விளிம்பு, முன்பல் பக்கம் பார்க்க வேண்டும். வளைந்த பக்கம் தொண்டையைப் பார்க்கும். எந்தப் பக்கம் கீழே என்று உன் பாக்கெட்டிலேயே படம் இருக்கும், அதன்படி வை.

எங்கே வைப்பது என்றுதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். தமிழ் பேசுகிற நமக்கு இதைச் சொல்வது சுலபம். ‘ழ’ சொல்லும்போது நாக்கு நுனி மேலே வளைந்து எந்த இடத்தை நோக்கிப் போகிறது? அங்கேதான் காலின் முன் விளிம்பு. அதற்குப் பின்னால் தள்ளினால் குமட்டும். முன்னால் இழுத்தால் பல்லில் முட்டும், காற்று ஓரமாக ஒழுகும். அடுத்தது, ‘ஞ’ என்று நிறுத்திச் சொல்லிப் பார். நாக்கின் முதுகு மேலே போய் ஒட்டுகிறதா? அந்த முதுகால்தான் ரப்பரை அழுத்த வேண்டும். நுனி நாக்குக்கு இதில் வேலை இல்லை. அது கீழ்ப்பல்லுக்குப் பின்னால் சும்மா படுத்துக் கிடக்கட்டும்.

முதல் மூன்று நாள் சத்தமே எழுப்பாதே. வாயில் வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டபடி பாத்திரம் கழுவு, வண்டி ஓட்டு, டிவி பார். எச்சிலிலும் சூட்டிலும் டேப் இளகி உன் அண்ணத்தின் வடிவத்துக்கு வரும். வாயும் பழகிவிடும். கூச்சம் தானாகப் போகும்.

மூன்று ரீட் காலைத் தூர வை. ஒற்றை அல்லது இரட்டை ரீட்தான் முதலில். ரீட் கூடக் கூட மூச்சும் கூட வேண்டும்.

---

சீவாளி | மார்ச் 8, காலை 7.05

மாமா வைக்கிற இடத்தைச் சொல்லிவிட்டார். நான் மூச்சைச் சொல்கிறேன். ஜார்ஜியாவில் இருக்கிறேன், ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து நாதஸ்வரம். நான் தொழிலாக வாசிக்கவில்லை, ஆனால் சீவாளியோடு வளர்ந்தவன்.

நண்பரே, நீங்கள் ஊதுகிறீர்கள். தப்பு அங்கேதான் இருக்கிறது. கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்து அனுப்புவது குளிர்ந்த காற்று. அதற்கு அழுத்தம் கிடையாது. கண்ணாடியைத் துடைக்கும் முன் ‘ஹா’ என்று ஆவி விடுவோமே, அந்தச் சூடான மூச்சுதான் வேண்டும். அடிவயிற்றிலிருந்து வரும் மூச்சு. கன்னம் அசையவே கூடாது. கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்யுங்கள், கன்னம் உப்பினால் நிறுத்திவிடுங்கள்.

கால் வாயில் இருக்கும்போது நாக்கின் முதுகை லேசாகத் தூக்கி ‘ஷ்ஷ்ஷ்’ என்று மூச்சை விடுங்கள். வெறும் காற்று போகும். போகட்டும். காற்றின் அளவை மாற்றாமல், நாக்கை மட்டும் மயிரிழை மயிரிழையாக உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் ரப்பர் பிடித்துக்கொண்டு மெல்லிய ஒற்றைச் சுரம் எழும். அதை நீட்டிப் பிடியுங்கள். மூச்சு முடியும் வரை நடுக்கமில்லாமல் அது நிற்க வேண்டும். ஒரு வாரம் இது மட்டும் போதும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக் கொடுக்கும் முன் ஒரே சத்தத்தைத்தான் மாதக்கணக்கில் ஊத வைப்பார்கள்.

பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியிருப்பீர்களே! நுனியை எவ்வளவு நசுக்குகிறோமோ அதைப் பொறுத்துத்தானே அது பேசும்? இங்கே நசுக்குகிற வேலையை நாக்கு செய்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று: காய்ந்த சீவாளி பேசாது. வாயில் வைத்து நனையவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவோம். இந்த ரப்பரும் அப்படித்தான். வைத்தவுடன் சத்தம் கேட்காதீர்கள்.

---

அலபாமா_அண்ணாச்சி | மார்ச் 8, மதியம் 12.30

நல்ல பாடமெல்லாம் சரி. ஆனால் ஆறே வாரத்தில் சீசன் என்கிறார். என் கருத்து வேறு. இந்த வருஷம் கையால் தேய்த்துச் சத்தம் எழுப்புகிற பாக்ஸ் காலும் (மூடி போட்ட பெட்டி) ஸ்லேட் காலும் (பலகையில் குச்சி) எடுங்கள். பாக்ஸ் கால் ஒரே சாயங்காலத்தில் வசப்படும். மூடியைப் பெட்டி விளிம்பில் சாக்குக்கட்டி தடவி இழுத்தால் யெல்ப், அதாவது பெட்டை கூப்பிடுகிற சத்தம், வந்துவிடும். ஆர்கன்சாவின் டார்டனெல் ஊர்க்காரர் ஹென்றி கிப்சன் 1897லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், இன்று வரை அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. அவ்வளவு நம்பகமான சாமான். மவுத் காலை வருஷம் முழுக்கக் காரில் பழகி அடுத்த வசந்தத்தில் கொண்டு போகலாம். அரைகுறையாகக் கற்ற மவுத் கால் காட்டில் பறவையை விரட்டத்தான் உதவும்.

---

பென்சில்வேனியா_மாமா | மார்ச் 8, மதியம் 1.10

அண்ணாச்சி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். தூரத்துச் சேவலை எழுப்ப, காற்று அடிக்கிற நாளில், பாக்ஸ் கால் மாதிரி எதுவும் இல்லை. என் பையிலும் ஒன்று எப்போதும் இருக்கும். ஆனால் சேவல் நாற்பது யார்டுக்குள் வந்த பிறகு பாக்ஸ் காலை யார் தேய்ப்பது? சேவலுக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஏறக்குறைய சுற்றுமுற்றும் எல்லாம் தெரியும். விரல் அசைந்தாலே போதும், போய்விடும். அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்துக்குத்தான் மவுத் கால். இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்கும்போது கொடுக்க ஒரு க்ளக் (பெட்டையின் ஒற்றைச் சின்னச் சத்தம்) தெரிந்தால் போதும். தம்பி ஒரு யெல்ப், ஒரு க்ளக், இந்த இரண்டை மட்டும் ஆறு வாரத்தில் கற்கலாம். மற்றதெல்லாம் பிறகு.

---

அலபாமா_அண்ணாச்சி | மார்ச் 8, மதியம் 1.25

அப்படியானால் சரி. ஸ்லேட்டை முதன்மையாக வைத்துக்கொண்டு மவுத் காலைக் கடைசி நேரத்துக்கு என்று வைத்தால் எனக்கு மறுப்பில்லை.

---

ஓஹையோ_வாசகி | மார்ச் 8, மாலை 6.00

ஒரு எச்சரிக்கை. இந்தச் சவ்வு பெரும்பாலும் லேடெக்ஸ். என் கணவருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை. முதல் தடவை வாயில் வைத்துப் பத்து நிமிஷத்தில் உதடு தடித்துவிட்டது. ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிக்கிறவர்கள் இதை வாயில் வைக்கவே வேண்டாம். அவர் ஸ்லேட் காலோடு நிம்மதியாக வேட்டைக்குப் போகிறார்.

---

நிர்வாகி | மார்ச் 9, காலை 8.20

புதியவர்கள் நிறையப் பேர் இந்த இழையைப் படிப்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் அதில் உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. கடன் வாங்கிய துப்பாக்கிக்கும் இது பொருந்தும். முதலில் உரிமம், பிறகுதான் மற்றது. மிசௌரியில் 1967 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும்.

நன்றாகக் கால் கொடுக்கக் கற்றுக்கொள்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. உங்கள் சத்தம் உண்மையான பெட்டை மாதிரி இருந்தால் இன்னொரு வேட்டைக்காரரும் ஏமாறுவார். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் வேண்டாம், சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். பொதுக் காட்டில் கோபிள் சத்தத்தை ஒருபோதும் எழுப்பாதீர்கள். சத்தம் கேட்ட திசையில் ஊர்ந்து போகாதீர்கள். வேறு ஆள் வருவது தெரிந்தால் கையை ஆட்டாமல் உரக்கப் பேசுங்கள். சுட்ட பறவையை ஆரஞ்சுத் துணியில் சுற்றித் தூக்கி வாருங்கள்.

---

ரோலா_தம்பி | மார்ச் 19, இரவு 10.02

மாமா, சீவாளி அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டேப்பை நாலு தடவை வெட்டினேன். நாலாவது தடவை வைத்ததும் அது வாயில் இருப்பதே மறந்துபோனது. குமட்டல் அறவே இல்லை. ஐந்து நாள் ஷ்ஷ்ஷ் மட்டும்தான். ஆறாவது நாள் வேலைக்குப் போகிற வழியில், சிக்னலில் நிற்கும்போது திடீரென்று அந்த ஒற்றைச் சுரம் வந்துவிட்டது. அப்படியே பிடித்து நிறுத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் நம்புங்கள்.

இப்போது ஒரு சந்தேகம். நேராக விட்டால் கரகரக்கிறது. காற்றை வலது பக்கம் சாய்த்து விட்டால்தான் சத்தம் தெளிவாக வருகிறது. இது பழக்கக் கோளாறா?

---

நாஷ்வில்_செல்வி | மார்ச் 20, காலை 6.45

கோளாறே இல்லை தம்பி. நிறையப் பேருக்கு நாக்கு ஒரு பக்கம் கூடுதலாக ஏறும், காற்று மறுபக்கம் போகும். எனக்கு இடது பக்கம். ரீட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் வெட்டு வைத்த கால்கள் கிடைக்கின்றன. காற்று போகிற பக்கத்துக்குத் தக்க வெட்டைத் தேர்ந்தெடுக்கலாம். வெட்டினால் கரகரப்பு சேரும், முதிர்ந்த பெட்டைக்குரிய அந்தக் கம்மல் குரல் கிடைக்கும். வெட்டில்லாத ரீட் தெளிவாக, இளம் பெட்டை மாதிரிப் பேசும். இப்போதைக்கு உன்னிடம் இருப்பதோடே போ.

யெல்ப்புக்கு வருவோம். யெல்ப் ஒரே சத்தம் இல்லை, இரண்டு சத்தம் ஒட்டியது. மேலே தொடங்கிக் கீழே விழும். உனக்கு வந்திருக்கிற ஒற்றைச் சுரம் மேல் பாதி. அதை எழுப்பிய கையோடு தாடையைக் கீழே விடு. நாக்கின் அழுத்தம் தானாகக் குறையும், குரல் கரகரத்து இறங்கும். மனசுக்குள் ‘சீ-யாக்’ என்று சொல். முதலில் மிக மெதுவாக, சீஈஈ… யாஆஆக். இரண்டுக்கும் நடுவில் மூச்சு அறுபடக் கூடாது. பிறகு சுருக்கிக்கொண்டே வா. சுருங்கச் சுருங்க இரண்டு சத்தம் ஒன்றாகக் கேட்கும், ஆனால் உள்ளே அந்த முறிவு இருக்கும். அந்த முறிவு இல்லாவிட்டால் அது யெல்ப் இல்லை.

எனக்கு இது சீக்கிரம் வந்ததற்குக் காரணம் குலவை. ஊரில் பொங்கல் வைத்தால் அத்தைமார்களோடு நின்று குலவை போட்டே வளர்ந்தேன். நாக்கு தனியாக, மூச்சு தனியாக வேலை செய்கிற பழக்கம் அங்கே வந்தது. குலவை போடத் தெரிந்த பெண்கள் இந்தக் காலைத் தயங்காமல் எடுக்கலாம்.

க்ளக்குக்கு உதடு வேண்டும். மூடிய உதட்டுக்குப் பின்னால் மூச்சைத் தேக்கி ‘ப்பக்’ என்று ஒரே ஒரு சொட்டு விடு. பர் என்பது வயிறு நிறைந்து மேய்கிற பெட்டையின் முனகல், வாய் கொப்பளிக்கும்போது தொண்டையில் ஓடுமே, அந்த நடுக்கம். அதை இந்த வருஷம் விட்டுவிடு, கடினம்.

கடைசியாக ஒன்று, இதை நீ மறக்கக் கூடாது. குரலைவிடத் தாளம் முக்கியம். இங்கே நாஷ்வில்லில் தேசிய வான்கோழிக் கூட்டமைப்பின் மாநாட்டோடு வான்கோழிக் குரல் எழுப்பும் போட்டி நடக்கும். நடுவர்கள் மறைவில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அங்கே கேட்கிற குரல்கள் தேன் மாதிரி இருக்கும். அதே வாரம் காட்டுக்குப் போனால் நிஜப் பெட்டை ஒன்று கரகரவென்று, போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேற்றப்படுகிற குரலில் கூப்பிடும். சேவல் அதன் பின்னால் ஓடும். ஏனென்றால் தாளம் சரியாக இருக்கிறது. ஐந்து, ஆறு யெல்ப், சீரான இடைவெளி, தொடக்கத்தில் மெல்ல, நடுவில் ஏறி, கடைசியில் தணிந்து. நிஜப் பறவையின் பதிவைப் போட்டு, கால் இல்லாமல் முதலில் மேசையில் விரலால் தட்டு. தாளம் விரலுக்கு வந்த பிறகு வாய்க்கு வரும்.

---

சீவாளி | மார்ச் 20, காலை 7.30

செல்வி அக்கா சொன்ன விரல் தாளம் அருமை. லயம் உட்காராமல் சுரம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன், யாரும் தொடவில்லை. பயிற்சி முடிந்ததும் தண்ணீரில் அலசி, ரீட்களுக்கு நடுவே தட்டையான பல்குச்சியைச் செருகிக் காய விடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பிரிக்கும்போது விளிம்பு சுருண்டுவிடும். காய்ந்ததும் டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெயிலும் சூடும் லேடெக்ஸுக்கு எமன். காரின் டேஷ்போர்டில் விட்டால் ஒரே வாரத்தில் தொய்ந்துவிடும். நாதஸ்வரத்தில் மாற்றுச் சீவாளிகளும் குச்சியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காட்டுக்கும் இரண்டு மாற்றுக் கால் எடுத்துப் போங்கள். பயிற்சிக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று என்று பிரித்து வைப்பது இன்னும் நல்லது.

---

கொலம்பியா_காட்டுவழி | மார்ச் 20, இரவு 8.50

ஒரு வேண்டுகோள் தம்பி, நானும் மிசௌரிதான். பயிற்சியைக் காரில் செய், வீட்டில் செய், நிலவறையில் செய். நீ வேட்டையாடப் போகிற காட்டில் மட்டும் இப்போது செய்யாதே. சேவல் வந்து பார்த்து, பெட்டை இல்லை என்று தெரிந்துகொண்டு போனால் சீசனில் அதே குரலுக்கு மறுபடி வராது. காலையில் காட்டோரம் நின்று காது கொடுத்துக் கேள், எந்த மரத்தில் அடைகிறது என்று குறித்துக்கொள், வாயைத் திறக்காதே.

நான் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1930களில் நாடு முழுக்கச் சேர்த்தே ஏறக்குறைய இரண்டு லட்சம் பறவைதான் மிஞ்சியிருந்தது. காட்டை வெட்டியதும் கட்டுப்பாடில்லாமல் சுட்டதும் சேர்ந்து செய்த வேலை. பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், அவை பிழைக்கவில்லை. தெற்குக் கரோலினாவில் 1951இல் பீரங்கி வலை (வெடித்துப் பாய்ந்து மேலே விழுகிற வலை) போட்டுக் காட்டுப் பறவைகளை உயிரோடு பிடித்தார்கள். அதற்கப்புறம்தான் பிடித்து வேறு காட்டில் விடுகிற வேலை சூடு பிடித்தது. நம் மாநிலத்தில் 1960இல் வசந்த வேட்டையை மறுபடி திறந்தபோது மூன்றே நாள், 14 மாவட்டம், மொத்தம் 94 சேவல். இன்று நீ விடியலில் கேட்கிற ஒவ்வொரு கோபிளும் அப்படித் திரும்ப வந்தது.

---

ரோலா_தம்பி | ஏப்ரல் 9, இரவு 9.15

அண்ணா, காட்டில் ஒரு சத்தமும் கொடுக்கவில்லை. பெரியவரின் நண்பர் ஒருவரின் நிலத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது, நாலு நாள் விடியலில் போய்க் கேட்டேன். ஓடைக்கு மேலே சைகமோர் மரத்தில் ஒரு சேவல் அடைகிறது.

செல்போனை முப்பது அடி தள்ளி வைத்துப் பதிவு செய்து கேட்டேன். வாய்க்குள் கேட்பதும் வெளியே கேட்பதும் வேறு வேறாக இருக்கிறது! எனக்கு மெல்லியதாகத் தோன்றியது பதிவில் கத்தலாக இருந்தது. பாதியாகக் குறைத்த பிறகு நிஜம் போலவே ஆனது. யெல்ப் பத்துக்கு எட்டு நன்றாக வருகிறது. க்ளக் எப்போதும் வருகிறது.

இனி கேள்வி: எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவது?

---

அலபாமா_அண்ணாச்சி | ஏப்ரல் 9, இரவு 10.20

சேவல் பதில் சொன்னால் விடாதே. அது அடிக்க அடிக்க நீயும் ஏற்று. சூடாக இருக்கிற சேவலுக்குச் சூடாகத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் நிறைய எடுத்திருக்கிறேன்.

---

பென்சில்வேனியா_மாமா | ஏப்ரல் 10, காலை 5.50

அண்ணாச்சியின் வழி இளம் சேவலுக்கும் தனியாக அலைகிற சேவலுக்கும் பலிக்கும். ஆனால் தம்பி, இயற்கையில் யார் யாரைத் தேடிப் போவது? சேவல் நின்ற இடத்தில் கோபிள் அடிக்கும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நாம் செய்வது அதைத் தலைகீழாக்குவது. நீ ஓயாமல் கூப்பிட்டால், ‘இவள் வந்துகொண்டிருக்கிறாள்’ என்று அது வால் விசிறியை விரித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். அறுபது யார்டில் ஒரு மணி நேரம் நிற்கும். நீ அடங்கினால்தான் அதற்குக் கவலை வரும்.

என் வழக்கம் இது. அடைந்த மரத்தில் இருக்கும்போது மூன்று, நாலு மெல்லிய யெல்ப், ஒரே ஒரு தடவை. பதில் வந்தால் உன்னைக் குறித்துக்கொண்டது என்று அர்த்தம். இறங்கிய பிறகு ஐந்து, ஆறு யெல்ப். பிறகு பதினைந்து நிமிஷம் வாயே திறக்காதே. கையால் காய்ந்த சருகைக் கிளறு: ஒரு இழுப்பு, நிறுத்தி, விரைவாக இரண்டு, மறுபடி நிறுத்து. நம் ஊர்க் கோழி குப்பையைக் கிளறுகிற அதே தாளம். அவ்வப்போது ஒரு க்ளக். காலையில் பெட்டைகள் கூட்டிப் போய்விட்டால் மனம் தளராதே. அவை முட்டையிடப் பிரிந்து போகும் முற்பகலில் அதே சேவல் நீ கூப்பிட்ட இடத்தைத் தேடி வரும். வரும்போது சத்தமே போடாமலும் வரும்.

---

ரோலா_தம்பி | ஏப்ரல் 25, இரவு 8.30

முழுக்கச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று விடியலில் அதே ஓடை. ஐந்தரைக்கெல்லாம் உட்கார்ந்துவிட்டேன். ஆந்தை ஒன்று குரல் கொடுத்ததும் சைகமோரிலிருந்து கோபிள். மாமா சொன்னபடி மூன்று மெல்லிய யெல்ப். உடனே பதில் வந்தது, என் சத்தத்தை மறித்துக்கொண்டே வந்தது. கை நடுங்கியது. இறங்கியதும் இரண்டு பெட்டைகள் எங்கிருந்தோ வந்து அதைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. ஏழு மணிக்குக் காடு அமைதி.

எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை. சருகைக் கிளறினேன், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நாலு யெல்ப், நடுவில் க்ளக். எட்டு, ஒன்பது ஆனது. பத்தே காலுக்கு இடது பக்கம் சருகு மிதிபடுகிற சத்தம், ஒரு மனிதன் நடக்கிற மாதிரி. அதற்கடுத்து மிகத் தாழ்ந்த ஒரு ‘ம்ம்ம்’, காதால் கேட்டேனா உடம்பால் உணர்ந்தேனா தெரியவில்லை. கோபிள் இல்லை, ஒன்றும் இல்லை. வெள்ளைத் தலை ஒன்று விழுந்த மரத்துக்குப் பின்னால் தெரிந்தது. துப்பாக்கி ஏற்கெனவே முழங்காலில் இருந்தது. அது ஒரு பெரிய ஓக்குக்குப் பின்னால் போனபோது குழலைத் திருப்பினேன். இந்தப் பக்கம் வெளியே வந்து நிற்காமல் நடந்தது, விசிறி பாதி விரிந்திருந்தது, கழுத்து உள்ளே இழுத்திருந்தது. இரண்டு கையும் துப்பாக்கியில். நாக்கைத் தூக்கினேன், ஒரே ஒரு ‘ப்பக்’.

நின்றது. கழுத்தை முழுக்க நீட்டித் தலையைத் தூக்கியது. முப்பது நடை தூரம். சுட்டேன்.

21 பவுண்டு. நெஞ்சில் தொங்குகிற தாடி பத்து அங்குலம். பக்கத்தில் மண்டியிட்டு இறக்கையைத் தொட்டேன். செம்பும் பச்சையுமாக வெயிலில் மாறிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் போனிலேயே மாநிலத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். நெஞ்சுக்கறியை மனைவி மிளகு போட்டு வறுத்தாள். பறவையின் தொடையும் காலும் நரம்பாக இருக்கின்றன, நாளைக்கு அடுப்பை மெல்ல எரியவிட்டுக் குழம்பு.

அரிசோனாவுக்குப் போன் செய்து பெரியவருக்கு அந்த யெல்ப்பைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இறக்கை எலும்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதே என்றார். அதில் கால் செய்யலாமாம். யாருக்காவது தெரியுமா?

---

நாஷ்வில்_செல்வி | ஏப்ரல் 25, இரவு 8.41

தம்பி, படித்து எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அந்த ‘ம்ம்ம்’ சேவலின் முரசுச் சத்தம். பக்கத்தில் வந்தால்தான் கேட்கும்.

---

பென்சில்வேனியா_மாமா | ஏப்ரல் 25, இரவு 9.30

மெத்தச் சந்தோஷம் தம்பி. எலும்பைப் பத்திரமாக வை. ஒரு இறக்கையிலிருந்து மூன்று எலும்பு வேண்டும்: மேல்கை எலும்பு, முன்கையின் தடித்தது, முன்கையின் மெல்லியது. பெட்டையின் எலும்புதான் இதற்குச் சிறந்தது என்பார்கள், வசந்தத்தில் நாம் அதை எடுக்க முடியாது. சேவலின் எலும்பிலும் வரும், குரல் கொஞ்சம் தடித்திருக்கும். சதை வழித்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் மெல்லிய கொதியில் வேக வை. அதிகம் வேகவிட்டால் எலும்பு சுண்ணாம்பாகிவிடும். இரண்டு முனையையும் சின்ன ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருக்கிற மஜ்ஜையைப் பைப் துடைக்கிற கம்பியால் எடுத்துக் காய விடு. அப்புறம் மெல்லியதன் முனை தடித்ததற்குள், அதன் முனை மேல்கை எலும்புக்குள் நுழைகிற மாதிரி அரத்தால் ராவி, நூல் சுற்றிப் பசை போட்டு ஒட்டு. சந்தில் காற்று ஒழுகக் கூடாது. பூர்வகுடி மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு வெகு முன்பே இப்படிச் செய்தார்கள்.

---

ரோலா_தம்பி | ஏப்ரல் 25, இரவு 9.44

நாளைக்கே தொடங்குகிறேன் மாமா. இதிலும் அடிவயிற்று மூச்சுதானா?

---

சீவாளி | ஏப்ரல் 25, இரவு 9.58

மாமாவுக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன், போன மாதம்தான் ஒன்று செய்தேன். இதில் ஊதக் கூடாது. மெல்லிய முனையை உதட்டோரம் வைத்து, குழந்தைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி உள்ளே உறிஞ்ச வேண்டும். மறுபடி ஒற்றைச் சுரத்திலிருந்தே தொடங்குங்கள்.